உழைச்செல்வாரைப் பேணுவார் யார்?



தூத்துக்குடிக் கடற்கரையைப் பற்றிப் பேசுவோர் எவரும் முத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. கொற்கை முத்தின் பெருமையைச் சங்கச் சான்றோர் பாடினர்; யவன வணிகர் அதனை நாடினர்; பிற்காலத்தே போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதன் வருவாயின்மேல் கண் வைத்து ஒருவர் பின் ஒருவராக இக்கரையில் காலூன்றினர். இவையெல்லாம் நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்தவை. ஆனால் முத்துக்குளிப்பு என்பது ஒருவர் செய்யும் தொழில் அன்று, இருவர் சேர்ந்து செய்யும் தொழில் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒருவர் கல்லின் துணையோடு கடலின் அடிக்கு இறங்குவார். மற்றொருவர் தோணியில் நின்று கயிற்றைக் கையில் பிடித்திருப்பார். இறங்கியவர் ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சை அடக்கிச் சிப்பிகளை வாரிச் சேர்த்துக் கயிற்றை அசைத்தவுடன், மேலே நிற்பவர் அவரை இழுத்துவிட வேண்டும். சற்றே கவனம் சிதறினாலும் உயிர் போய்விடும். ஆகையால் அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பது வழக்கம் என்றும், தன் உடன்பிறந்தாள் தாலி இழப்பதை அவன் பொறுக்கமாட்டான் என்பதே அதற்குக் காரணம் என்றும் எங்கள் பக்கத்துப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இக்கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டில். என் தந்தையார் அதனைக் கண்டவர். அவர் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முடிவில் ஒன்று சொல்வார்: "முங்குறவனைப் பார்க்கத்தான் கூட்டம் நிக்கும். கயிறு புடிக்கிறவன் கை எப்படி இருக்குன்னு எவனும் பார்க்கமாட்டான்." அவர் சொன்னது கடலைப் பற்றி. நான் அதை நினைத்துப் பார்த்தது வேறோர் இடத்தில்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவம் என்பதை நான்கு கூறுகளாகப் பகுத்துக் கூறுகின்றார். நோயுற்றவன் ஒரு கூறு; நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு; மருந்து ஒரு கூறு; நான்காவது கூறு உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து, மருந்து கொடுத்து, தூக்கி, துடைத்து, விழித்திருப்பவனே உழைச்செல்வான். இவனை மருத்துவனுக்கு இணையாக வைத்து எண்ணியது வள்ளுவரின் பெருமை. உரையாசிரியர் பரிமேலழகர் உழைச்செல்வானுக்கு வேண்டிய குணங்களையும் எண்ணிச் சொல்கின்றார்: நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் ஆற்றல், அறிவு. இவையெல்லாம் அவன் கொடுக்க வேண்டியவை. அவன் பெற வேண்டியது என்ன? அவன் சோர்ந்தால் அவனைப் பேணுவார் யார்? இந்தக் கேள்வியை உலகம் கேட்கத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லக் கருதுகிறேன்.

அதற்கு முன் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் வகுப்பில் உறங்கினான். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் எல்லார் முன்னிலையிலும் அவனை எழுப்பி நிறுத்திக் கடுமையாகப் பேசினேன். அவன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. அன்று மாலையே உண்மை தெரிந்தது. அவன் தாய்க்குப் புற்றுநோய். தந்தை கடலுக்குப் போகிறவர். இரவெல்லாம் தாயின் அருகே விழித்திருந்தவன் அந்தப் பையன். சில வாரங்களில் அந்த அம்மையார் காலமானார். பின்னொரு நாள் பள்ளி விட்ட பிறகு அவன் என்னிடம் வந்து நின்றான். "சார், அம்மா சீக்கிரம் போயிரட்டும்னு ஒரு நாள் ராத்திரி நெனச்சிட்டேன். அதான் போயிட்டாங்களா?" என்று கேட்டான். "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது" என்று சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பினேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவன் நான்!

இனி வரலாற்றுக்கு வருவோம். நோயாளிக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்னும் எண்ணம் இக்கரைக்குப் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், அன்றிக் அடிகளார் என்று தமிழர் அழைக்கும் என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் ஒரு மருத்துவமனையை நிறுவினார். 1578இல் தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூலை அச்சிட்டாரே, அவர்தாம் இவர். முத்துக்குளிக்கும் மக்கள் தந்த பொருளால் அந்த மருத்துவமனை நடந்தது. ஆயினும் அத்தகைய இல்லங்கள் எங்கும் அரியனவாகவே இருந்தன. கோடிக்கணக்கான நோயாளிகளுக்கு வீடே மருத்துவமனை. தாயும் மனைவியும் மகளுமே செவிலியர். அவர்கள் செய்வதற்கு ஊதியமும் இல்லை, ஓய்வும் இல்லை, பெயரும் இல்லை.

துன்பமுற்றோரை ஒன்றுகூட்டிப் பேசவைப்பதே ஒரு மருத்துவம் ஆகும் என்பது முதலில் புலப்பட்டது அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில். 1905ஆம் ஆண்டில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், சானட்டோரியத்துக்குச் செல்ல வசதியற்ற ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒரு முறை ஓர் அறையில் கூட்டினார். காற்றோட்டம், ஓய்வு, உணவு ஆகியவற்றைக் கற்பிப்பதே அவர் நோக்கம். ஆதலால் அதற்கு வகுப்பு என்றே பெயரிட்டார். ஆனால் பாடத்தினும் பெரியதொரு பயன் அங்கே விளைவதை அவர் கண்டார். ஒரே நோயால் வருந்துவோர் ஒருவரை ஒருவர் கண்டபோது, அவர்களுக்கு ஊக்கம் பிறந்தது. இன்று குழு உளச்சிகிச்சை எனப்படுவதன் தொடக்கமாக வரலாற்றாசிரியர் இதனையே குறிப்பிடுவர். எனினும் அந்த அறையில் நோயாளிக்கே இடம் இருந்தது. அவனை வீட்டில் பேணியவர்களுக்கு இல்லை.

அதே காசநோய்தான் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நம் சென்னையில் குடும்பத்தை மருத்துவத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்திற்று. 1956இல் சென்னையில் காசநோய் வேதி மருத்துவ ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சானட்டோரியத்திலும், மறு பிரிவினர்க்கு அவர்தம் வீட்டிலுமாக ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தனர். 1959இல் வெளியான அதன் முடிவு உலகத்தை வியக்கவைத்தது. நெரிசலான வீட்டில், எளிய உணவை உண்டு மருந்து அருந்தியவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணம் பெற்றனர். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அதனால் நோய்த்தொற்று மிகுதியாகவில்லை. இதனால் உலகெங்கும் சானட்டோரியங்களின் தேவை குறைந்தது. இது பெரிய வெற்றி, ஐயமில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். மருத்துவம் வீட்டுக்கு வந்தது என்றால், அதன் சுமையும் வீட்டுக்கு வந்தது என்பதே பொருள்.

அக்காலத்திலேயே வடக்கே அமிர்தசரசில் மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. நாடு பிரிந்த பின், 1950ஆம் ஆண்டில் லாகூர் மனநோய் மருத்துவமனையிலிருந்த நோயாளிகள் பலர் அமிர்தசரசுக்கு அனுப்பப்பட்டனர். இடமும் போதவில்லை, ஆளும் போதவில்லை. அம் மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களையே அழைத்து, மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து உடன் தங்கச் செய்தார். மாலைதோறும் நோயாளிகளையும் உறவினரையும் ஒருங்கே அமர்த்தி, அவர்களுக்குப் பழகிய கதைகளின் வாயிலாக நோயின் இயல்பை விளக்கினார். மனநோய் என்பது பழிக்கத்தக்கது அன்று, தீர்க்கத்தக்கது என்பதை அக்குடும்பங்கள் கண்ணாரக் கண்டு திரும்பின. நம் மாநிலத்தில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல நிலையமும், நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கும் முறையை மேற்கொண்டது. மேல்நாடுகளில் உறவினரை மருத்துவமனை வாயிலிலேயே நிறுத்திய காலத்தில், நம் நாட்டில் அவர்கள் உள்ளே அழைக்கப்பட்டனர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே அழைக்கப்பட்டவர் பெரும்பாலும் உதவிக் கையாகவே அழைக்கப்பட்டார். 'இவருக்கு எப்படி உணவூட்டுவது, எப்படி மருந்து கொடுப்பது' என்று அவருக்குக் கற்பித்தனர். 'நீர் உறங்கினீரா, உண்டீரா, உம் மனம் எப்படி இருக்கிறது' என்று கேட்பவர் அரியர்.

அந்தக் குரலை உழைச்செல்வோரே எழுப்ப வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்னும் அம்மையார், முதிய பெற்றோரைப் பேணுவதற்காகத் தம் சமயப் பணியைத் துறந்து வீட்டோடு இருந்தவர். 1963இல் தம்மைப் போன்றோரின் தனிமையையும் வறுமையையும் பற்றிச் செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதினார். 'நானும் அப்படியே' என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெண்கள் மறுமொழி எழுதினர். 1965இல் அவர்களுக்கென்று ஒரு தேசியக் கழகம் உருவாயிற்று. இத்தகையோரைக் குறிக்கும் 'கேரர்' என்னும் சொல் ஆங்கிலத்தில் பரவலானதும் அதன் பின்னரே. வள்ளுவர் பெயரிட்டுச் சென்றவனுக்கு, ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் பெயர் வைத்தனர்!

நம் நாட்டில் இத்துறையில் சென்னை முன்னின்றது. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பட்டவர். மனச்சிதைவு நோயுற்றோர்க்காக 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் ஆராய்ச்சி அமைப்பை நிறுவினார். நோயாளியின் குடும்பங்களோடு நெடுநாள் பழகிய அவர் ஊக்குவிக்க, 1989இல் அக்குடும்பங்களே சேர்ந்து 'ஆஷா' என்னும் சங்கத்தை அமைத்தன. ஆஷா என்றால் நம்பிக்கை. மகனோ மகளோ தீரா மனநோயால் வருந்த, அதை அயலாரிடம் சொல்ல நாணி வாயை மூடிக்கொண்டிருந்த பெற்றோர், அங்கே தம்மைப் போன்றோரைக் கண்டு பேசினர். 'எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?' என்னும் கேள்வியை அவர்கள் தனித்தனியே அழுதுகொண்டிருந்த நிலை மாறி, கூடியிருந்து ஆராயும் நிலை வந்தது. கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் என்பவர், மறதி நோயால் தம் தந்தையார் பட்ட துன்பத்தை நேரிற் கண்டவர். அவர் முன்னின்று 1992இல் அந்நோயாளிகளின் குடும்பங்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் கோழிக்கோட்டில் வலிநீக்கப் பேணுதலுக்கான சங்கம் பிறந்தது. தீரா நோயாளியின் வலியைப் போக்குவதோடு, குடும்பத்தின் மனவலியையும் மருத்துவத்தின் பொறுப்பாகக் கொள்வது அதன் கொள்கை.

இக்கூட்டங்களால் நோயாளிக்கும் நன்மை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 1982இல் இலண்டனில் ஜூலியன் லெஃப் முதலான அறிஞர்கள், மனச்சிதைவு நோயாளிகள் 24 பேரின் குடும்பங்களை ஆராய்ந்தனர். நோயாளிகள் யாவரும் மருந்து உண்டனர். ஒரு பாதிக் குடும்பங்களுக்கு மட்டும், நோயைப் பற்றிய விளக்கமும், உறவினர் கூடிப் பேசும் குழுவும், வீட்டுக்கே சென்று உரையாடும் உதவியும் அளிக்கப்பட்டன. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, அக்குடும்பங்களின் நோயாளிகளிடையே நோய் மீண்டும் தாக்கியது மிகக் குறைவாக இருந்தது. கயிறு பிடிப்பவரின் கை தளராதிருந்தால் மூழ்கியவரும் பிழைப்பார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அப்படியானால் அக்கூட்டத்தில் நடப்பதுதான் என்ன? இதை நான் நூலறிவால் மட்டும் சொல்லவில்லை. நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டில் என் மனைவி பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தாள். ஒரு பக்கம் அசைவற்றுப் போயிற்று, பேச்சும் குழறிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் எனக்குச் சோறிட்டவளுக்கு ஊட்டிவிடும் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் ஆண்டில் கடமை என்னும் உணர்வு என்னைத் தாங்கிற்று. இரண்டாம் ஆண்டில் அது போதவில்லை. ஓர் இரவு, அவளை ஐந்தாம் முறை புரட்டிப் படுக்கவைத்தபோது, 'இது எப்போது முடியும்?' என்று என் மனம் கேட்டது. கேட்டதும் நடுங்கிப் போனேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாங்கள் சென்றுவந்த மருத்துவமனையில், நோயாளியை வீட்டில் பேணுவோர்க்கென்று இரு வாரத்துக்கு ஒரு முறை கூட்டம் நடந்தது. செவிலியார் வற்புறுத்தியதால் சென்றேன். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்திருந்தனர். உப்பளத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர், துறைமுகத்தில் சுமை தூக்குபவர் ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, நான். சமூகப் பணியாளர் ஒருவர் வழிநடத்தினார். விதிகள் சிலவே. இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. எவரும் எவருக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

முதலில் படுக்கைப் புண் வராமல் காப்பது எப்படி, உதவித்தொகை பெறுவது எப்படி என்பன போன்ற செய்திகளே பேசப்பட்டன. பிறகு அந்த உப்பளத்துப் பெண் தலை நிமிராமல், "எங்க வீட்டுக்காரருக்கு மூணு வருசமா முடியல. சில ராத்திரி, இந்த மனுசன் போய்ச் சேர்ந்தா நானும் கொஞ்சம் தூங்கலாமேன்னு தோணுது. நான் பாவி" என்றார். அறை அமைதியாயிற்று. வழிநடத்தியவர் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. "இந்த எண்ணம் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். ஒரு கை எழுந்தது. இன்னொரு கை எழுந்தது. அந்த மாணவியும் கை உயர்த்தினாள். கடைசியாக உயர்ந்தது என் கை.

அன்று நான் கற்றதை நூல்களும் கூறுகின்றன. அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலம் 1970இல் வெளியிட்ட குழு உளச்சிகிச்சை நூலில், குழுவால் விளையும் நன்மைகளைத் தனித்தனியே வகுத்துக் காட்டினார். 'எனக்கு மட்டும் நேர்ந்தது அன்று' என்னும் தெளிவு அவற்றுள் ஒன்று. தனியே வைத்திருந்தபோது பாவமாகத் தோன்றிய எண்ணம், பத்துப் பேர் நடுவில் வைத்தபோது சோர்வின் குரலாகத் தோன்றியது. அந்தப் பெண் தம் கணவரை வெறுக்கவில்லை, உறக்கத்துக்கு ஏங்கினார். நானும் அப்படியே. அதன் பின் என் மனைவி வாழ்ந்த ஓராண்டுக் காலமும் என்னால் சினமின்றி அவளருகே இருக்க முடிந்தது.

இக்கூட்டம் எல்லா நோவுக்கும் மருந்து என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு மனச்சோர்வு முற்றி மருத்துவரின் தனிக் கவனம் வேண்டியிருக்கும். சிலர் நோயாளியை விட்டு ஒரு மணி நேரமும் வெளியே வர இயலாதவர்; அவர்களை நாடி நாம் செல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்கு வீட்டிலேயே பேணுதலை அளிக்க முற்பட்டது அவ்வழியில் ஒரு நல்ல அடி. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் சேவையில், 14416 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசி மனநல ஆலோசனை பெறலாம். இதனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் இரவெல்லாம் விழித்திருந்து வந்த ஒருவன் இருக்கலாம், ஒருத்தி இருக்கலாம். நோயாளி உள்ள வீட்டுக்குப் போனால் எல்லாரும் 'அவர் எப்படி இருக்கிறார்?' என்றே கேட்பார்கள். நீங்கள் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும்வரை இருங்கள். இயலுமானால் இரண்டு மணி நேரம் நீங்கள் நோயாளியின் அருகே அமர்ந்து, அவரை உறங்கச் சொல்லுங்கள். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்து நின்ற அந்தப் பையனுக்கு இப்போது நடுவயது ஆகியிருக்கும். அவன் எங்கிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இதைக் கேட்க நேர்ந்தால் அவன் அறிந்துகொள்வானாக: "தம்பி, நீ நினைத்ததால் உன் தாய் போகவில்லை. நோயால் போனார். நீ மிகவும் களைத்திருந்தாய். எனக்கும் ஒரு நாள் அப்படித் தோன்றியது." அன்று இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, இன்று சொல்கிறேன்.